ஐந்தாம் குழியின் ஆழம்

“நான் எழுதுனதுல பாதியக் காணோம். மிச்சப் பாதி நான் எழுதுனதே இல்ல. ஏம் பிரமிளா, இந்த ஊட்டுல நான் உசுரோட இருக்கறனா இல்லையா?” காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார், சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டார், இப்போது ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி அறை வாசலில் நின்று கேட்கிறார், ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை, மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி. “இருக்கறீங்க, இருக்கறீங்க. மறுபடியும் ரசம் கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே, செத்தவங்க ரசம் கேப்பாங்களா? போயிப் படுங்க” என்றாள் பிரமிளா, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது, கடித்து என்ன ஆகப்போகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவருக்கு அது நினைவில் இருக்காது, இந்த வியாதி இந்த வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே வசதி அது, வாய்க்கு வந்ததைப் பேசலாம், வடு எதுவும் தங்காது, வடுவெல்லாம் பேசினவளுக்குத்தான். அவர் போகவில்லை. தொல்லியல் பேராசிரியர் சென்னியப்பன், அமராவதிக் கரையில் ஓட்டாங்காட்டு மேட்டை நான்கு வருஷம் தோண்டியவர், தோண்டி முடித்துப் பதினெட்டு வருஷமாக அதன் அறிக்கையை எழுதாதவர், கருத்தரங்கத்துக்குக் கருத்தரங்கம் போய்ப் பொன்னாடை வாங்கி வந்தவர், அந்தப் பொன்னாடைகளை அவள் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டபோதும் கவனிக்காதவர், இப்போது அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று அவள் முதுகுக்குத் தெரிந்தது. பாதியைக் காணோமாம். எந்தப் பாதி? இவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் கல்யாணமான மறுமாதத்திலிருந்து திருத்தித் தந்தது யார், கான்வென்டில் சிஸ்டர் அஞ்செலா முழங்காலில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் எல்லாம் இவர் மண்ணுக்கும் பானை ஓட்டுக்கும்தான் செலவானது, இவர் புத்தக முன்னுரையின் கடைசி வரியில் ‘பொறுமைக்காக என் மனைவிக்கு நன்றி’, பொறுமையாம், அவளுக்கு அது என்றைக்கு இருந்தது, அந்த ஒரு வரியையும் திருத்தித் தந்தவள் அவளே.

துண்டு நாற்காலியில் விழும் சத்தம், பிறகு செருப்பு இழுபடும் சத்தம், போய்விட்டார். கூடத்துச் சோபா கிறீச்சிட்டது. அடுக்களையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, நாளைக்கு இட்லிக்கு, உளுந்து அள்ளிவிட்டு அரிசி போட்டிருந்தாள், அது ஓடுகிற வரைக்கும் அவளுக்கு இங்கே உட்கார ஒரு சாக்கு. திரையில் ஐந்தாம் குழி. நான்கு குழிகளை முடித்துவிட்டாள், அவளே முடித்துவிட்டாள், அவர் பென்சிலில் கிறுக்கிய வரைபடங்களையும் பையில் கட்டிய சீட்டுகளையும் வைத்துக்கொண்டு, முதல் மண்ணடுக்கு, இரண்டாம் மண்ணடுக்கு, மண் நிறம் இன்னது, கிடைத்தவை இன்னின்னது என்று. மண் நிறத்துக்கு ஒரு அட்டைப் புத்தகம் இருந்தது, புடவைக்கடையில் நூல் கலர் காட்டுகிற அட்டை மாதிரி, அதில் ஒவ்வொரு பழுப்புக்கும் ஓர் எண், இருபது பழுப்பு, முப்பது பழுப்பு, உலகத்தில் இத்தனை பழுப்பு இருப்பதை அவள் இந்த வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டாள், அவளைக் கேட்டால் எல்லாமே கழுவாத காப்பி டம்ளரின் அடி. அதுகூடப் பிடிபட்டுவிட்டது. ஐந்தாம் குழிதான் கழுத்தைப் பிடித்தது. அந்தக் குழியில்தான் கரித்துண்டு கிடைத்தது, வெளிநாட்டுக்கு அனுப்பி வயது பார்த்தது, எல்லோரும் நினைத்ததைவிட முந்நூறு வருஷம் பழையது என்று வந்தது. அந்தக் குழியில்தான் எழுத்துக் கீறிய ஓடும் கிடைத்தது, ஆறு எழுத்து, யாரோ ஒருத்தன் பெயர். கரியும் ஓடும் ஒரே ஆழத்தில். ஆகவே எழுத்துக்கும் அதே வயது. அந்த ஆகவேதான் அவருடைய வாழ்க்கை. பத்திரிகைக்காரன் வந்தது, படம் எடுத்தது, மைசூரிலிருந்தும் புனேயிலிருந்தும் ஆட்கள் வந்து அந்த வயதை ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டது, எதிர்க்கட்சிக்காரன் மாதிரி அவர் எழுந்து நின்று ‘அறிக்கை வரட்டும், அதில் எல்லாம் இருக்கும்’ என்றது, எல்லாம் அந்த ஆகவேக்காக. கரியும் ஓடும் ஒரே ஆழம், இரண்டடி குறைய இரண்டு ஆள் உயரம், சீட்டில் இரண்டுக்கும் ஒரே எண். ஆனால் கரி முதல் வருஷம் எடுத்தது. ஓடு இரண்டாம் வருஷம் எடுத்தது. அந்த எண் எங்கிருந்து அளந்த எண்?

எங்கிருந்து. முந்தாநாள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது இது அவளுக்குத் தோன்றியது, கை புளித்தண்ணிக்குள் அப்படியே நின்றுவிட்டது. முதல் வருஷம் அவர்கள் குழியின் ஓரத்துத் தரையில் முளையடித்து அதிலிருந்து கீழே அளந்தார்கள். அது வரைபடத்தில் இருக்கிறது. இரண்டாம் வருஷம் மேட்டின் உச்சியில் ஓர் எல்லைக்கல் இருந்தது, அதில் ஆணி அடித்து, அங்கிருந்து எல்லாக் குழிக்கும் நூல் இழுத்து, நூல் சாயாமலிருக்க அதில் ரசமட்டத்தைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து கீழே அளந்தார்கள். அது எங்கேயும் எழுதியில்லை. அவளுக்குத் தெரியும், அவள் பார்த்தாள், அந்த வருஷம் ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தாள், தார்ப்பாய்ப் பந்தலின்கீழ் அனல், மகள் நிவேதாவுக்கு ஐந்து வயசு, நூலைக் கண்டதும் துணி காயப்போடுகிற கொடி என்று நினைத்துப் பிடித்துத் தொங்கப்போனாள், அவர் குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி ‘நூலத் தொடாத! நூலத் தொடாத!’ என்று போட்ட கூச்சலில் குழந்தை பயந்துபோய்ப் பாவாடையை நனைத்துவிட்டது, அவள் அங்கேயே எல்லார் முன்னாலும் அவரைப் பிடிபிடி என்று பிடித்தாள், பெத்த புள்ளையவிட உங்க நூல் பெருசா என்று. பெரிசுதான் போலிருக்கிறது. அந்த நூல் குழியின் ஓரத்துத் தரைக்கு மேலே குழந்தையின் தலை உயரத்தில் ஓடியது, அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, மேடு சரிவு, கல் உச்சியில், குழி சரிவில். ஆனால் அது ஐந்தாம் குழியா? ஏழாம் குழியா? எல்லாக் குழியும் ஒரே மாதிரிச் சதுரம், ஒரே மாதிரிப் பழுப்பு, அவளுக்கு அன்றைக்குத் தலைவலி. ஒருவேளை ஐந்தாம் குழி முதல் வருஷமே தொடங்கியது என்று அதற்கு மட்டும் பழைய முளையையே வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் கரியும் ஓடும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவை, எல்லாம் சரி. நூலிலிருந்து அளந்திருந்தால் ஓடு கரிக்கு மேலே ஒரு குழந்தை உயரத்தில் கிடந்திருக்கிறது, கரி எரிந்து அணைந்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு எவனோ வந்து குடித்துவிட்டுப் போட்ட பானை, அந்த ஆகவே இல்லை, ஒன்றுமில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பேசாத பேச்சில்லை, பாசிமணிக்கு எப்படித் துளை போட்டான், சூளையில் எப்படிக் காற்று விட்டான், பேசிப் பேசிக் கை காயும், அவளும் கேட்டாள், திட்டிக்கொண்டே கேட்டாள், எல்லாம் நினைவிருக்கிறது, இது மட்டும் இல்லை, ஏனென்றால் இதை அவர் சொல்லவே இல்லை. அங்கே நின்றவன் எல்லோருக்கும் கண்ணெதிரே நூல் தெரிந்தது. கண்ணெதிரே தெரிகிறதை எவன் எழுதுவான், வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவள் என்றைக்காவது எழுதி ஒட்டினாளா.

அவரைக் கேட்காமல் இல்லை. முந்தாநாள் கேட்டாள், ஏனுங்க, அஞ்சாங்குழிக்கு எங்கிருந்து அளந்தீங்க என்று, கேட்டதும் முகத்தில் பழைய வெளிச்சம், நிமிர்ந்து உட்கார்ந்து, “கல்லுல இருந்துதான், வேற எங்கிருந்து? சின்னப்புள்ளையாட்டக் கேக்கற” என்றார். நேற்றுக் கேட்டாள், “தரையில இருந்துதான், மொளை இருந்துதுல்ல” என்றார், அதே நிமிர்வு, அதே அதட்டல். இன்று காலையில் கேட்டதற்கு, “அத ராமநாதன் வரைஞ்சு வெச்சிருப்பான், அவனக் கேளு” என்றார். படம் வரைகிற ராமநாதன் மாரடைப்பில் போய் ஆறு வருஷம், இவர்தான் முதல் ஆளாக மாலை வாங்கிக்கொண்டு போனார். மூன்று பதிலிலும் சந்தேகம் ஒரு துளி இல்லை, அதுதான் அவளை உலுக்கியது, தடுமாறினால்கூடத் தேவலை, தெரியவில்லை என்று ஒருதரம் சொன்னால்கூட அந்தத் தெரியவில்லையைப் பிடித்துக்கொண்டு அழலாம். போன வருஷம் கோயமுத்தூரில் மேடையில் பேசிக்கொண்டே வந்தவர், படத்தைக் காட்டி, ‘இது எந்த ஊருங்க?’ என்று கூட்டத்தைக் கேட்டார், எல்லோரும் நகைச்சுவை என்று சிரித்தார்கள், கை தட்டினார்கள், முன்வரிசையில் இருந்த அவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில், எந்த ஊருங்க எந்த ஊருங்க என்று அவளுக்குள் ஓடியது, அவிநாசி தாண்டியதும் வெளியே ஒரு பலகை, அதில் ஊர்ப்பெயர் இருந்தது, அதைக்கூட அவளால் படிக்க முடியவில்லை, எழுத்து எல்லாம் கீறலாகத் தெரிந்தது. மேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நிவேதா பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள், பெரிய யோசனை, பாவம், போய்ப் பார்க்க என்ன இருக்கிறது, குழிகளைத் தோண்டி முடித்த வருஷமே மூடியாயிற்று, மேட்டைச் சமன்படுத்தித் தென்னை வைத்துச் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டார்கள், எல்லைக்கல் எவன் வீட்டு வாசப்படியோ. தோண்டினால் தோண்டினதுதான். புடவையைத் தப்பாக வெட்டிவிட்டால் வேறு புடவை வாங்கலாம்.

போன் அடித்தது, திருமூர்த்தி, அவருடைய மாணவனாக இருந்து அதே துறைக்குத் தலைவராகிவிட்டவர், அறிக்கைக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிடுகிறார். “அக்கா, சார் எப்படி இருக்கறாருங்க?” “இருக்கறாரு. உசுரோட இருக்கறனான்னு கேட்டுட்டு இருக்கறாரு.” “மாசக் கடைசிக்குள்ள குடுத்தாகணுங்கக்கா. இல்லீன்னா ஓட்டாங்காட்டுச் சாமானெல்லாம் வேற ஆளுக்குப் போயிருமுங்க. இப்பவே ஒருத்தர் கேட்டுட்டு நிக்கறாரு.” “அஞ்சாங்குழி நிக்குது திருமூர்த்தி. எங்கிருந்து அளந்தாங்கன்னு தெரியல. நீங்க இருந்தீங்களா அப்ப?” “நான் கடைசி வருசந்தானுங்களே வந்தேன்.” அவரே தொடர்ந்தார். “அக்கா, தரையில இருந்துன்னு போட்டுருங்க. அம்புட்டுதான். யாருங்க போயிப் பாக்கப்போறாங்க? சாரே பதினெட்டு வருசமா அப்படித்தானுங்களே சொல்லிட்டு இருந்தாரு.” “அவரு அப்படிச் சொல்லல. ஒரே ஆழம்னுதான் சொன்னாரு.” “ரெண்டும் ஒண்ணுதானுங்களேக்கா.” “ரெண்டும் ஒண்ணுன்னா உங்க சம்பளத்துல பாதிய எனக்கு அனுப்புங்க, பாதியும் முழுசும் ஒண்ணுதான்” என்றாள், திருமூர்த்தி சிரித்தார், சிரித்துவிட்டு, “சாருக்காகத்தானுங்க சொல்றேன்” என்றார், அந்தக் குரலில் பொய்யில்லை, அதுதான் எரிச்சல், எல்லோரும் சாருக்காகத்தான் சொல்கிறார்கள், சார்தான் இல்லை. போனை வைத்தாள். தரையிலிருந்து அளந்தது என்று அடித்தாள். நன்றாக இருந்தது, ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருந்தது, அளக்கப்பட்டது, கண்டெடுக்கப்பட்டது, யார் அளந்தார் யார் எடுத்தார் என்று எவனும் கேட்க முடியாத வாக்கியம், இப்படிப்பட்ட வாக்கியத்துக்குள் எத்தனை பேர் ஒளிந்துகொண்டிருப்பார்களோ. அழித்தாள். கல்லிலிருந்து என்று அடித்தாள், அடித்ததும் அவருடைய பொன்னாடை எல்லாம் ஜன்னலிலிருந்து அவிழ்ந்து விழுகிற மாதிரி இருந்தது, அதையும் அழித்தாள். இந்த மேட்டை அவளுக்குப் பிடித்ததே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோதுகூட வீட்டுக்கு வராமல் செய்த மேடு, கல்யாண நாளை எல்லாம் தின்ற மேடு, கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாக ஓடு, கூட்டினால் புழுதி, குனிந்தால் தும்மல். ஒழியட்டும் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒழித்துவிடலாம், ஒரு சொல்லில் ஒழித்துவிடலாம், சக்களத்தியின் கழுத்து கையில் சிக்கின மாதிரி, ஆனால் அவளுக்கு அந்தக் கழுத்தைக் காப்பாற்ற வேண்டும் போலிருக்கிறது. இந்த அறிக்கை முடிகிற வரைக்கும் அவர் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிற பேராசிரியர். முடிந்த மறுநாள்? மறுநாள் இந்த மேசையில் என்ன இருக்கும், காலையில் எழுந்து அவர் எதில் பாதியைக் காணோம் என்று சண்டைக்கு வருவார். அவள் பொய் எழுதினாலும் அவருக்குத் தெரியாது, உண்மை எழுதினாலும் தெரியாது, இப்படி ஒரு தனிமையை யாரும் அவளுக்குச் சொல்லிவைக்கவில்லை, ஒருவேளை பைத்தியம் பிடிப்பது இப்படித்தான் தொடங்குமோ, இரண்டு பேர் வாழ்ந்ததை ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டு, அதுவும் தப்பாக நினைத்துக்கொண்டு, நூல் குழந்தையின் தலை உயரத்தில்தான் ஓடியதா, குழந்தை அன்றைக்கு அழுததா, தயிர்ச்சோறா எலுமிச்சைச்சோறா. அவளுடைய முளை எங்கே. அவள் எங்கிருந்து அளக்கிறாள். கிரைண்டரில் அரிசி வழுவழுப்பாகி நாழியாகிவிட்டது, கல் வெறும் கல்லோடு உரசுகிற மாதிரிச் சத்தம் மாறிவிட்டது, எழுந்து போய் நிறுத்தினாள், மாவுக்கையோடு திரும்பி வந்து, கையைக் கழுவவும் மறந்து, ஒரே மூச்சில் அடித்தாள்: ஐந்தாம் குழியில் இரண்டாம் வருஷ ஆழங்கள் எந்த இடத்திலிருந்து அளக்கப்பட்டன என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல இயலவில்லை, ஆகவே கரித்துண்டின் வயதை எழுத்துப் பொறித்த ஓட்டின் வயதாகக் கொள்ள முடியாது. படித்துப் பார்த்தாள். ஒரு பிழை இல்லை. சிஸ்டர் அஞ்செலா நூற்றுக்கு நூறு போடுவாள். விசைப்பலகை முழுக்க மாவு.

கூடத்தில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார், தூங்கியதால் ஒரு பக்கம் முடி படிந்திருந்தது, வெயில் சாய்ந்து முழங்கால்மேல் விழுந்தது, முகத்தில் சண்டையின் சுவடே இல்லை. காகிதத்தில் அச்செடுத்து எடுத்துக்கொண்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். எதற்காக உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, இவ்வளவு வருஷமாக எழுதினதை அவளுக்குப் படித்துக் காட்டாமல் அவர் எங்கேயும் அனுப்பினதில்லை, அந்த முறை ஒன்று இருக்கிறதே. ஐந்தாம் குழி முழுவதையும் படித்தாள், முதல் அடுக்கிலிருந்து, நிதானமாக, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஒவ்வொரு அடுக்குக்கும் தலை லேசாக அசைந்தது, கரி வந்தது, ஓடு வந்தது, கடைசி வாக்கியமும் வந்தது. தலையசைப்பு நின்றது. கண் திறந்தது. அவள் இத்தனை மாதமாகப் பார்க்காத கண், கூர்மையான கண், ஆய்வேடு கொண்டுவந்த பிள்ளைகளை உட்காரவைத்து வியர்க்கவைத்த கண். பழைய மனுஷர் வந்துவிட்டார், இதோ சொல்லிவிடப்போகிறார், கல்லா தரையா, சொல்லிவிடப்போகிறார். “இத எழுதுனது யாருங்க?” என்று கேட்டார். ‘ங்க’. அவளை அவர் ஒருநாளும் ங்க போட்டுப் பேசினதில்லை. பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஆய்வேட்டுக் கட்டோடு வந்திருக்கிற பெண்மணியிடம் பேசுகிற மரியாதை அது. “ஒருத்தருங்க” என்றாள். “தோண்டுனவரேவா?” “ஆமாங்க.” அவர் தலையை ஆட்டினார், வருத்தத்தோடு ஆட்டினார். “எங்கிருந்து அளந்தோம்னே தெரியலையாமா. இதுக்கு எதுக்குங்க குழி தோண்டணும்? எலி தோண்டறதில்லையா? ரெண்டாயிரம் வருசமாப் பத்திரமாக் கெடந்த எடத்த ரெண்டே வருசத்துல கெடுத்துப்போட்டானே முட்டாப்பய. திருப்பித் தோண்ட முடியுங்களா? கடைசில வந்து இயலவில்லையாம். இத்தன காலம் என்ன பண்ணிட்டிருந்தானாம்? இவனையெல்லாம் யாருங்க மேட்டுமேல ஏறவிட்டது?” குரல் ஏறவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை, தீர்ப்பு எழுதுகிற நிதானம். “இதப் படிச்சு நாலு பேரு கெட்டுப்போறதுக்குள்ள இத நிராகரிச்சுருங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். எங்க போடணும், காட்டுங்க.” வலது கை பேனாவுக்காக நீண்டது, சட்டைப்பையைத் தடவியது, பை காலி. பிரமிளாவின் வாயில் இத்தனை வருஷமாக இவரைப் பற்றி இவரிடமே சொன்ன சொற்கள் எல்லாம் வந்து நின்றன, எலி என்று அவளும் சொல்லியிருக்கிறாள், இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறாள், இத்தனை காலம் என்ன பண்ணினீங்க என்பது அவள் தினமும் கேட்ட கேள்வி, ஆமாங்க சரியாச் சொன்னீங்க என்று தலையாட்டினால் போதும், ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தால் போதும். காகிதத்தை மடியில் கவிழ்த்தாள். “அப்படிச் சொல்லாதீங்க” என்றாள். அவர் பேனாவைத் தேடுவதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார், திரையின் சரிகை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, அது எந்தக் காலத்துத் துணி என்று பார்க்கிறவர் மாதிரி வெயிலுக்குக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க” என்றாள் அவள் அந்த முதுகைப் பார்த்து, “அவரு ரொம்பப் பாடுபட்டாருங்க. மழையில வெயில்ல அங்கயே கெடந்தாரு. என்ன வேணா சொல்லுங்க, திருப்பி வேணா அனுப்புங்க, முட்டாப்பயன்னு மட்டும் அவரச் சொல்லாதீங்க.”